நாற்பத்தோரு போனில் ஒரு தொண்டை

எங்கள் மேலப் புதுத்தெருவில் மைக்கு மதினி ஜன்னல் வழியே ஒரு பறவையைப் போட்டோ எடுத்தால் அதன் சத்தமும் சேர்ந்து போனுக்குள் வந்துவிடும், வந்த பிறகு பறவை வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும், போட்டோவை அழித்த மறு நொடி சத்தம் வந்த வழியே திரும்பிப் போய் அதன் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சவில்லை. மலையிலிருந்து இரண்டு ஆறு இறங்குகிற ஊரில் இருந்துகொண்டு வாரத்துக்கு ஒரு நாள் குழாயில் தண்ணீர் பிடிக்கிற ஜனம் நாங்கள், எங்களுக்கு எதுவும் அதிசயமாகப் படுவதில்லை.

மதினி என்றதும் எனக்கு அண்ணன் பெண்டாட்டி என்று நினைக்க வேண்டாம். தெருவுக்கே அவள் மதினி. மைக்செட் முப்பிடாதி அண்ணாச்சியின் வீட்டுக்காரி என்பதால் மைக்கு மதினி. நான் எதிர்வீடு, ஜாக்கெட் தைக்கிறவள். மிஷினை வாசலைப் பார்த்துப் போட்டிருப்பதால் தெருவில் நடப்பது எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது, தப்பினால் அன்றைக்கு எனக்குத் தையலே ஓடாது.

அண்ணாச்சிக்கு ஒரு ஆட்டோ, அதன் தலையில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர். ஊரில் யார் செத்தாலும், யார் வீட்டு ஆடு காணாமல் போனாலும், கொசுமருந்து அடிக்க ஆள் வந்தாலும், ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி போட்டாலும் அண்ணாச்சி வாயைத் திறந்தால்தான் ஊருக்குச் சேதி. செத்தவரின் அப்பா பெயர், தாத்தா பெயர், மகன்கள், மருமகன்கள், பேரன்கள் என்று முப்பது பெயரை ஒரே மூச்சில், ஒரு பெயர் இன்னொரு பெயரின் காலை மிதிக்காமல் சொல்லுவார். சாகக் கிடக்கிறவர்களே முப்பிடாதியிடம் சொல்லியாச்சா என்று கேட்டதுண்டு. பதிவு பண்ணி ஓடவிடுகிற சோலியெல்லாம் அவருக்குப் பிடிக்காது, ஒவ்வொரு முக்கிலும் நின்று புதிதாகத்தான் சொல்லுவார். அத்தனை பெயர் சொல்லுகிற வாய் வீட்டுக்குள் வந்தால் பெண்டாட்டியை ஏய் என்று கூப்பிடும், இந்தா என்று கூப்பிடும், நாலு பேர் இருந்தால் 'வீட்டுல' என்று சொல்லும். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் தெருவில் நாற்பத்தோரு வீட்டிலும் அதே ஏய்தான், அதே இந்தாதான். என் வீட்டுக்காரர் ஏட்டி என்பார், அதுவும் கொஞ்சம் பாசமாக இருக்கிற நாளில்.

இரண்டு வருசத்துக்கு முந்தி மதினி தெருக்குழாயடியில் வழுக்கி விழுந்து, கால் முறிந்து, நாற்பத்தைந்து நாள் மாவுக்கட்டோடு பக்கத்து அறைக் கட்டிலில் கிடந்தாள். அந்த அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு காலிமனை. அதில் ஒரு வாதநாராயணன் மரம், நாலைந்து எருக்கஞ்செடி, மனையும் தெருவும் சேர்கிற மூலையில் அந்தக் குழாய், குழாயடியில் எந்தக் கோடையிலும் காயாத ஒரு சேற்றுக்குழி. குடத்துக்கு வராத தண்ணீர் ஒழுகுவதற்கு மட்டும் எப்படியோ வந்துவிடும். அதைக் குடிக்க மலையிலிருந்து இறங்குகிற அத்தனையும் அங்கே வரும். செம்போத்து வரும், கீரி தன் குட்டிகளை வரிசை பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும், மயில் வரும், மரங்கொத்தி வரும், ஒரு தடவை ஒரு மிளா மான் வந்து, அழைப்பில்லாமல் கல்யாண வீட்டுக்குள் நுழைந்துவிட்ட ஆள் மாதிரி யாரையும் பார்க்காமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. மதினி கட்டிலில் கிடந்தபடி, திருப்பூரில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய போனால் எல்லாவற்றையும் எடுத்தாள்.

முதலில் அகப்பட்டது செம்போத்துதான். எடுத்த பிறகு அது கழுத்தைத் தாழ்த்தித் தாழ்த்தி வாயைத் திறக்கிறது, சத்தமே இல்லை; போனைக் காதில் வைத்தால் உள்ளே கூப் கூப் என்கிறது என்று மதினி என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். நானும் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன், கூப் கூப் என்றது. போனைச் சுடச்சுடப் பிடித்திருக்கிறீர்களே, சார்ஜ் போட்டுக்கொண்டே பார்க்காதீர்கள் மதினி, வெடித்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து போனில் இடம் இல்லை என்று ஒரு அணில் படத்தை அழித்தபோது சுவர்மேல் ஊமையாக உட்கார்ந்திருந்த அணில் படபடவென்று கத்தியதாம். அன்றிலிருந்து மதினி ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டாள். பகலில் எடுப்பாள், ஆசை தீர ஒருதரம் காதில் வைத்துக் கேட்பாள், விளக்கு ஏற்றுவதற்குள் எல்லாவற்றையும் அழித்து அதது சத்தத்தை அததனிடம் சேர்த்துவிடுவாள். இரவல் வாங்கிய பாத்திரத்தை இருட்டுவதற்குள் திருப்பிக் கொடுக்கிற மாதிரிதான். கட்டுப் பிரித்து நடமாட ஆரம்பித்த பிறகும் சமையல் நேரம் போக மிச்ச நேரம் அந்த ஜன்னலே கதி என்றிருந்தாள்.

தெரு அதைச் சீக்கிரமே வசதியாக்கிக்கொண்டது. பத்தாம் வகுப்புப் பரீட்சை நடக்கிற மாதத்தில் விடிகாலையில் அலறுகிற மயில்களை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி பெற்றவர்கள் வந்து நின்றார்கள். பரீட்சை முடிகிற நாள் சாயங்காலம் பதினான்கு மயில் ஒன்றாகக் கத்தியது. ரேஷன் கடை நாயைத் திங்கட்கிழமை தோறும் எடுக்கச் சொன்னார்கள், குழாயடிக்குப் பிஸ்கட் போட்டு வரவழைத்து எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை தூங்கவில்லை என்று வந்த பெண்ணுக்கு மாங்குயிலைக் காதில் வைத்துக் கேட்கக் கொடுத்தாள். ஆனால் பால்காரர் கோமு தன் மாமியாரைக் குழாயடியில் கொண்டுவந்து நிறுத்துகிறேன், ஒரே ஒரு போட்டோ என்று எவ்வளவோ மன்றாடியும், மனுசாளை எடுக்க மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். யார் படத்தையும் யாருக்கும் அனுப்பவும் மாட்டாள்.

அவளுக்கு இருந்த ஒரே குறை ஆறுமணிக்குருவி. மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் வடக்கேயிருந்து பறந்து வந்து, வந்த களைப்போடு மரத்தடிச் சருகில் நடந்து திரியும்; காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டே இரண்டு சீட்டி அடித்துவிட்டு எங்கே போகிறது என்றே தெரியாது. பச்சை முதுகு, நீலத் தோள், சந்தன மார்பு, வாலடியில் குங்குமம் என்று ஒரு கல்யாண ஜவுளியையே உடுத்திக்கொண்டு வரும் என்பார்கள். இரண்டு வருசமும் அந்த நேரத்தில் அடுப்படியில் நின்ற மதினிக்குச் சீட்டிதான் கிடைத்தது. மூன்றாம் வருசம் புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை, ஆறு மணிக்கு, எருக்கஞ்செடிக்கு முன்னால் வெட்டவெளியில் வந்து நின்று கழுத்தை நீட்டி அது சீட்டி அடிக்க வாயெடுத்தது. மதினி அமுக்கினாள். அமுக்கிய சந்தோசத்தில் கை கால் ஓடாமல், அதுவரை செய்யாததைச் செய்தாள். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டுவிட்டாள். வீட்டுக்கு ஒரு போன், அவளையும் சேர்த்து நாற்பத்தோரு போன். காபி கொதிப்பதற்குள் படம் நாற்பத்தோரு போனிலும் இறங்கிவிட்டது.

குருவிக்குப் பின்னால், கட்டைவிரல் நகம் அளவில், குழாயடியில் தோளில் துண்டோடு, தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்தபடி அண்ணாச்சி நின்றிருந்தார்.

அவர் தினமும் காலையில் அங்கேதான் வாய் கொப்பளித்துத் தொண்டையைச் சரிபண்ணுவார். அன்றைக்கும் கொப்பளித்துவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய், மார்க்கெட் முக்கில் நின்று மைக்கைப் பிடித்தார். ஸ்பீக்கரில் கொர் என்ற இரைச்சல் மட்டும் வந்தது. ஆம்ப்ளிபயரைத் தட்டினார், வயரைப் பிடுங்கிச் செருகினார், பேட்டரி மாற்றினார். பேட்டரிக் கடையில் விலை கேட்க வாயைத் திறந்தபோதுதான் கோளாறு மைக்கில் இல்லை என்று அவருக்குப் புரிந்தது.

செல்போன் கடை ஞானதுரை படத்தைப் பார்த்துவிட்டு, குருவியும் அண்ணாச்சியும் ஒரே படத்தில் அகப்பட்டதால் இரண்டு சத்தமும் உள்ளே இருக்கிறது, தெருவில் ஒரு போனில் மிச்சம் இருந்தாலும் இருந்ததுதான், எல்லாரும் அழித்தாக வேண்டும் என்று சொன்னான். அண்ணாச்சி ஒரு தாளில் 'தயவுசெய்து படத்தை அழிக்கவும்' என்று எழுதி வீடு வீடாக நீட்டிக்கொண்டே போனார். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அழிக்கும் முன்னால் ஒருதரம் காதில் வைத்துப் பார்ப்போமே என்று வைத்தார்கள், அங்கேதான் வினை. மேலே குருவியின் சீட்டி. அதற்கு அடியில், எந்தச் சாவுக்கும் எந்தத் தள்ளுபடிக்கும் அவர் எடுக்காத ஒரு மெதுவான குரலில், ஆவுடே, ஆவுடே என்று அண்ணாச்சி ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒருத்தரும் அழிக்கவில்லை. சாட்சியை யாராவது அழிப்பார்களா?

ஊரில் எத்தனை ஆவுடை உண்டு என்று தெரு கணக்கெடுத்தது. கூட்டுறவு பாங்கியில் ஒரு ஆவுடை, அவளுக்கு மூன்று மாதம் முன்புதான் கல்யாணம். சன்னதித் தெருவில் ஒரு ஆவுடை, அவள் போன வருசமே செத்துவிட்டாள், அறிவித்ததே அண்ணாச்சிதான், அன்றைக்கு அவர் குரல் தழுதழுத்தது என்று இப்போது இரண்டு பேர் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். மிச்சம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற ஆவுடை, அறுபத்தைந்து வயது. அவள்தான் என்று தெரு முடிவு கட்டியது. அண்ணாச்சி ஒரு தாளில் 'அது என் வீட்டுல உள்ள ஆள்தான்' என்று எழுதிக் காட்டினார். கட்டின பெண்டாட்டியைப் பெயர் சொல்லி, அதுவும் இப்படிக் குழைந்து, எவன் கூப்பிடுவான் என்று கோமு கேட்டதும் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன். முப்பத்தோரு வருசம் எதிர்வீட்டில் இருந்து, உப்பு புளி மாற்றி, பிரசவம் பார்த்து, மதினியின் ஜாக்கெட் அளவு மனப்பாடமாகத் தெரிந்த எனக்கு அவள் பெயர் என்ன என்று ஒரு நொடி கூடத் தோன்றவில்லை.

மதினி மட்டும் கூட்டத்துக்கு வரவில்லை. ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள், போன் காதிலேயே இருந்தது. பாவம், மனசு உடைந்துபோய்விட்டாள் என்று நான் இரண்டு நாள் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்ட் பூக்காரி கூடையோடு தெருவுக்குள் வந்துவிட்டாள். குழாயடியில் கூடையை இறக்கிவைத்து, என் புருசன் செத்து இருபது வருசம் ஆகிறது, என் பெயரை இழுத்தவன் எவன், அவன் வீட்டுக்கு விளங்குமா என்று ஆரம்பித்தாள். கதவெல்லாம் திறந்தது. அப்போதுதான் மதினி, இன்னும் லேசாக விந்தும் காலோடு, உள்ளேயிருந்து எதையோ கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"யக்கா, கோவப்படாதிய. அந்த ஆவுடை நாந்தான்."

ஆதார் அட்டையை நீட்டினாள். ஆவுடையம்மாள், கணவர் முப்பிடாதி. அட்டை கை மாறிக் கை மாறித் தெருவின் கடைசி வீடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஆதார் படத்தில் யாரும் அவரவர் மாதிரி இருப்பதில்லை என்பதால் கொஞ்சம் நேரம் பிடித்தது. பூக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கூடையிலிருந்து ஒரு முழம் கனகாம்பரம் கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டுப் போனாள். தெருவே அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தது. விடிகாலையில் குழாயடியில் நின்று பெண்டாட்டி பெயரைச் சொல்ல என்னவாம்? அவர் ஒரு தள்ளுபடி நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதினார், கிட்டத்தில் நின்றதால் நான்தான் வாசித்தேன். தினமும் தொண்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பெயர் வேண்டும், கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பெயர்தான், மற்ற பெயரெல்லாம் தொழிலுக்கு என்று எழுதியிருந்தது. வாசித்து முடித்ததும் தாளை அவரிடம் திருப்பிக் கொடுக்கக்கூட மறந்துபோனேன், வெட்கக்கேடு.

இனிமேலாவது அழித்திருப்போம் என்று நினைப்பீர்கள். ஆண்களெல்லாம் அழிக்கத் தயார்தான், அந்தப் படம் வீட்டில் இருப்பதே அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. பெண்கள் போனைக் கொடுக்கவில்லை. உலை கொதிக்கிற நேரத்தில், துணி ஊறுகிற நேரத்தில், ஒவ்வொருத்தியும் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். ஒரு புருசன் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டாள். என் மிஷின் மேலேயும் போன் சாய்ந்துதான் இருந்தது. நாளைக்கு அழிக்கலாம், நாளைக்கு அழிக்கலாம் என்று பதினாறு நாள் ஓடியது. அண்ணாச்சியின் ஆட்டோ தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. பக்கத்து ஊரிலிருந்து பென் டிரைவில் பேசுகிற ஒரு வண்டி வந்து, குடிதண்ணீர் அறிவிப்புக்கு நடுவில் பழைய பிளாஸ்டிக் எடுப்போம் என்றும் கத்திவிட்டுப் போனது. திருக்கார்த்திகைக்குக் கோயில் அறிவிப்பையும் அந்த வண்டிக்கே கொடுக்கப் போகிறோம், வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பார்ப்போம் என்று நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பழைய தபால்காரர் செல்லையா செத்தார். அறிவிக்க ஆள் இல்லை. பதினோரு பேர் வந்தார்கள், அதில் நாலு பேர் தூக்குவதற்கு. அடக்கம் முடிந்து அவர் மகன் நேரே எங்கள் தெருக் குழாயடிக்கு வந்தான், கத்தக்கூட இல்லை.

"எங்கய்யா நாப்பது வருசம் இந்த ஊருக்குச் சேதி கொண்டாந்து குடுத்தாவ. அவுக செத்த சேதியைச் சொல்ல இந்த ஊர்ல ஒரு வாய் இல்லாமப் பண்ணிட்டிய."

அன்று சாயங்காலமே எல்லாரும் குழாயடியில் கூடினோம். ஞானதுரை ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு போனாக வாங்கி, படத்தை அழித்து, அழித்ததெல்லாம் முப்பது நாள் ஒளிந்திருக்கிற குப்பைத்தொட்டியையும் காலி பண்ணி, நெற்றியில் திருநீறு பூசுகிற மாதிரி விரலால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். நாற்பது வீட்டு போனும் முடிந்தது. அண்ணாச்சி எழுந்து நின்று வாயைத் திறந்தார். காற்று வந்தது. ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டோம், கோமு என் போனை மறுபடியும் சோதிக்கச் சொன்னார். மதினியின் போனைக் கேட்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அவள் புருசன் தொண்டையாயிற்றே. எனக்கும் படுக்கையில் புரண்டு படுக்கும்போதுதான் தோன்றியது.

விடிந்தும் விடியாமலும், ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில், உறைமோர் கேட்கிற சாக்கில் போனேன். மதினி ஜன்னலில் இருந்தாள். போன் காதில் இருந்தது. என்னைப் பார்த்ததும் மறைக்கவில்லை.

"நீங்கதானா மதினி?"

"நாந்தான்."

"அவுக பொழப்பு போயிரும்லா. வெள்ளிக்கிழமைதான் கெடு."

"தெரியும். எனக்கென்ன, அவுக வாய் பேசாமப் போகணும்னா ஆசை?" போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். "முப்பத்தோரு வருசமா ஏய்னாவ. நானும் திரும்பிப் பாத்தேன். பேரு ஒண்ணு எங்கப்பன் வச்சது எனக்கே மறந்துபோச்சு. இதுல கூப்பிடுதாவ. அழிச்சேன்னா மறுபடி அவுக தொண்டைக்குள்ள போயிரும். அங்கன போனது என் காதுக்கு எப்ப வரும், சொல்லு?"

என் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது வெளியே அண்ணாச்சி குழாயடிக்கு வந்தார். சத்தம் போய்ப் பதினெட்டு நாள் ஆகியும் மனுசன் வழக்கத்தை விடவில்லை. வாய் கொப்பளித்தார். துண்டைத் தோளில் போட்டார். தலையை நிமிர்த்தினார். ஆ என்று வாயைத் திறந்தார், உதடு குவிந்தது, நாக்கு மடிந்தது, வாய் ஏ என்று விரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. எருக்கஞ்செடிப் பக்கம் ஆறுமணிக்குருவி அதே மாதிரி கழுத்தை நீட்டி ஊமையாக நின்றது. அந்த வாய் என்ன சொல்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். முப்பத்தோரு வருசம் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது இவள் உள்ளே அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மதினி அழுதாள். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துவிட்டு, ஞானதுரை செய்த மாதிரியே படத்தை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணினாள்.

குருவி சீட்டி அடித்தது. கூடவே, "ஆவு" என்று குழாயடியில் ஒரு குரல் கிளம்பியது. அண்ணாச்சி தன் சத்தத்தைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு, நிமிர்ந்து, ஜன்னலில் மதினியைப் பார்த்துவிட்டார். மிச்சப் பெயர் வாய்க்குள்ளேயே நின்றது. இருமினார்.

"ஏய், இன்னொரு துண்டு எடுத்துட்டு வா. இது நனைஞ்சுபோச்சு" என்றார்.

மதினி எழுந்து போய்த் துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் உறைமோரை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன், எனக்கு அந்த மனுசன் மேல் வந்த ஆத்திரத்தில் இரண்டு ஜாக்கெட்டுக்குக் கை மாற்றித் தைத்து அப்புறம் பிரித்தேன்.

பதினோரு மணிக்கு ஆட்டோ தார்ப்பாயை உதறிவிட்டுத் தெருவுக்குள் வந்தது. முதலில் தபால்காரர் செல்லையாவின் சாவை, நடந்து முடிந்த சாவானாலும், அப்பா பெயர் தாத்தா பெயரோடு முறையாக அறிவித்தார். பிறகு ஆட்டோவைக் குழாயடியில் நிறுத்தி, அன்பார்ந்த மேலப் புதுத்தெரு பொதுமக்களே என்று ஆரம்பித்து, காணாமற்போன தமது குரலைத் திருப்பித் தந்து உதவிய பெருமக்களுக்கு நன்றி தெரிவித்து, வீட்டு வரிசைப்படி பெயர் சொன்னார். ஞானதுரை அவர்கள், கோமு அவர்கள், வேலாயுதம் அவர்கள் என்று நாற்பது பெயர், ஒரே மூச்சு, ஒன்று இன்னொன்றின் காலை மிதிக்கவில்லை. நாற்பதும் ஆண்கள் பெயர். வேலாயுதம் அவர்கள் என்பது என் வீட்டுக்காரர். அந்த மனுசனுக்கு ஒரு போட்டோவை எப்படி அழிப்பது என்றே தெரியாது. வாசல்களில் பெண்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மூச்சு வாங்கி, "மற்றும் எனது இல்லத்தில் உள்ளவர்களுக்கும் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்றார்.

ஜன்னலில் மதினி போனைத் தூக்கினாள்.

அண்ணாச்சிக்கு நேராகப் பிடித்தாள். கட்டைவிரல் அமுக்குகிற இடத்துக்கு மேலே நின்றது. அவர் பார்த்துவிட்டார். மைக் வாய்க்கு முன்னால் அப்படியே இருந்தது, ஆட்டோ என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தது. தெருவில் ஒருத்தியும் அசையவில்லை.

"மேலப் புதுத்தெரு, கதவு எண் இருபத்திமூன்று, திருமதி ஆவுடையம்மாள் அவர்களுக்கும்" என்றார் அண்ணாச்சி.

போன் இறங்கவில்லை.

அவர் மைக்கைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார், ஊருக்குப் பேசுகிற குரல் எங்கோ போய்விட்டது.

"ஆவுடே" என்றார்.

இரண்டு கூம்பு ஸ்பீக்கரிலும் அது பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டதாம், பூக்காரி திரும்பிப் பார்த்தாளாம். மதினி போனை இறக்கினாள்.

"சோறு ஆறுது. வண்டிய நிப்பாட்டிட்டு வாங்க" என்றாள்.

என் வீட்டுக்காரர் ஒரு மணிக்கு ரைஸ் மில்லிலிருந்து சைக்கிளில் சாப்பிட வருவார், குழாயடி முக்கில், மதினி ஜன்னலுக்கு நேராகத் திரும்பித்தான் வரவேண்டும். பன்னிரண்டே முக்காலுக்கு நான் மிஷினை மூடிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனேன். ஜன்னலடியில் ஏற்கெனவே நாலு பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடை நகர்ந்து எனக்கும் கொஞ்சம் இடம் விட்டாள்.